மனையும் வாக்கும்: உடும்பஞ்சோலை – தேவிகுளம் மலைப்பகுதியின் உள்ளாட்சித் தேர்தல் வரலாற்றில் தமிழர்

முன்னுரை

உள்ளாட்சி குறித்துத் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் உத்திரமேரூரில் தொடங்கிப் பெருமிதத்தில் முடிகின்றன. முதலாம் பராந்தகனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் காட்டும் குடவோலை முறை அப்பெருமிதத்திற்கு உரியதே. ஆயினும் அக்கல்வெட்டுகள் கூறும் தகுதிகளுள் ஒன்று போதிய கவனம் பெறவில்லை. வாரிய உறுப்பினராகக் குடவோலையில் பெயர் எழுதப்பெறுபவர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும், தமக்குரிய மனையில் வீடெடுத்து வாழ்பவராகவும் இருத்தல் வேண்டும் என்பதே அது. வயது, கல்வி, ஒழுக்கம் ஆகியன பற்றிய விதிகளுடன் இந்த மனைத் தகுதியும் இணைந்தே நிற்கிறது. சொந்த மனை இல்லாதவர் ஊர் ஆட்சியில் இடம்பெற இயலாது என்பது இதன் பொருளாகும்.

இன்று அந்த விதி இல்லை. வயது வந்த அனைவர்க்கும் வாக்குண்டு. எனினும், சொந்த மனை இல்லாத ஒரு சமூகத்தின் கையில் உள்ளாட்சி வாக்கு எத்தகைய பயனைத் தருகிறது என்பது ஆராயத்தக்க வினாவாகும். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை, தேவிகுளம் வட்டங்களில் வாழும் தமிழரின் தேர்தல் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனைத் தகுதியும் இங்கிலாந்துப் பரோவும்

நம் நாட்டின் இன்றைய உள்ளாட்சி அமைப்பு குடவோலையிலிருந்து நேரடியாக வளர்ந்ததன்று. அதன் வடிவம் பெரிதும் ஆங்கிலேயர் வழி வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக விளங்கிய சர் ஜோசையா சைல்டின் முயற்சியால் 1687 டிசம்பரில் பட்டயம் வழங்கப்பெற்று, 1688 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னையில் மாநகராட்சி தொடங்கிற்று. மேயர், ஆல்டர்மேன், பர்ஜெஸ் என்ற அதன் பதவிப் பெயர்கள் யாவும் இங்கிலாந்தின் பரோ எனப்படும் நகராட்சியிலிருந்து பெறப்பட்டவை.

இங்கிலாந்துப் பரோவின் தேர்தல் வரலாற்றிலும் மனையும் வாக்கும் பிணைந்தே இருந்தன. குடிமக்களே ஏறத்தாழ இல்லாத ஓல்டு சேரம் போன்ற பரோக்கள் நிலவுடைமையாளரின் விருப்பப்படி நாடாளுமன்றத்திற்கு இருவரை அனுப்பி வந்தன. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அந்நிலையை ஒழித்தது. 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், மூடிய குழுக்களின் கையிலிருந்த பரோ மன்றங்களை, வரி செலுத்தும் குடித்தனக்காரர் தேர்ந்தெடுக்கும் மன்றங்களாக மாற்றியது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத் தேர்தலில் ‘பணிவழி வாக்குரிமை’ என்றொரு புதிய தகுதியை ஏற்றுக்கொண்டது. முதலாளி வழங்கிய வீட்டில் வேலையின் பொருட்டுக் குடியிருப்பவரும், அம்முதலாளி அதே வீட்டில் வாழாதவிடத்து, வாக்காளராகக் கருதப்பெற்றார். உள்ளாட்சி வாக்காளர் தகுதி நாடாளுமன்ற வாக்காளர் தகுதியோடு ஒன்றாக்கப்பட்டது 1945ஆம் ஆண்டில்தான்.

முதலாளியின் வீட்டில் குடியிருப்பவர் தம் விருப்பப்படி வாக்களிக்கும் குடிமகன் ஆவாரா என்னும் இவ்வினா, இங்கிலாந்தில் சட்டத்தால் தீர்க்கப்பட்ட பின்னரும் தேயிலை மலைகளில் நடைமுறை வினாவாக நீடித்தது.

மலைப்பகுதியும் தமிழர் வாழ்வும்

கோட்டயம் மாவட்டத்திலிருந்த தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு ஆகிய வட்டங்களும் எறணாகுளம் மாவட்டத்திலிருந்த தொடுபுழை வட்டமும் இணைந்து 1972 ஜனவரி 26ஆம் நாள் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. நெடுங்கண்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட உடும்பஞ்சோலை வட்டம் ஏலக்காய் விளையும் நிலமாகும். பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் முதலிய ஊர்ப்பெயர்களே இந்நிலத்தின் மொழிச் சார்பை உணர்த்தும்.

இம்மலைகளில் தமிழர் வாழ்வு ஒரே தன்மையதன்று. அதனை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, அஞ்சுநாடு எனப்படும் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய பழைய வேளாண் ஊர்களில் வாழ்வோர். இவர்கள் தமக்கென நிலமும் மனையும் ஊர்க்கட்டமைப்பும் உடையவர்கள். இரண்டாவது, மூணாறு சார்ந்த தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர். 1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் பெற்ற நிலவுரிமையின் தொடர்ச்சியாக எழுந்த தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பெற்றோரின் வழியினர் இவர்கள். மூன்றாவது, ஏலத்தோட்டங்களில் வேலை செய்வோர். இவர்களுள் ஒரு பகுதியினர் மலையிலேயே தங்கியுள்ளனர். மற்றொரு பகுதியினர் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்புகளில் வந்து திரும்புகின்றனர்.

முதற்பிரிவினர்க்கு மனையும் வாக்கும் ஓரிடத்தில் உள்ளன. இரண்டாம் பிரிவினர்க்கு வாக்குண்டு, மனை நிறுவனத்துடையது. மூன்றாம் பிரிவினருள் நாள்தோறும் வந்து செல்வோர்க்கு உழைப்பு ஓரிடத்திலும் மனையும் வாக்கும் வேறிடத்திலும் உள்ளன. மலைப்பகுதியின் தேர்தல் வரலாற்றை விளங்கிக்கொள்ள இப்பகுப்பு துணைபுரியும்.

வாக்கு வந்த வரலாறு

திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் 1948ஆம் ஆண்டிலேயே தேர்தல் நடைபெற்றது. இந்தியக் குடியரசின் முதற் பொதுத்தேர்தலுக்கு முன்னரே மலைத்தோட்டத் தொழிலாளர்க்கு வாக்குரிமை கிட்டியது குறிப்பிடத்தக்கது. அவர்களது வாக்கு முதலில் எதிர்கொண்ட வினா ஊராட்சியைப் பற்றியதன்று. மாநில எல்லையைப் பற்றியதாகும்.

மார்ஷல் நேசமணி முதலியோர் வழிநடத்திய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், தென்திருவிதாங்கூர் வட்டங்களுடன் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களையும் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமெனப் போராடியது. 1954ஆம் ஆண்டுத் திருவாங்கூர்–கொச்சிச் சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி 12 இடங்களைப் பெற்றது. பட்டம் தாணுப்பிள்ளை அமைச்சரவைக் காலத்தில் மலைப்பகுதியில் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கப்பெற்று, சமவெளியிலிருந்து வந்த மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. 1955ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை அளித்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்திற்குப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைக் கேரளத்திற்கு உரியனவாக்கியது. அங்குள்ள தமிழர் பெரிதும் தோட்ட வேலைக்காக வந்து செல்லும் மக்கள் என்ற கருத்து இம்முடிவில் பங்கு பெற்றது.

இங்கு ஒன்றனைச் சிந்தித்தல் வேண்டும். தலைமுறைகளாக வாழ்ந்தோர் ‘வந்து செல்வோர்’ எனக் கருதப்பட்டமைக்கு, அவர்களுக்குச் சொந்த மனை இல்லாமையும் ஒரு காரணமாகும். அதே காலத்தில் நிலமும் மனையும் பெற்றுக் குடியேறியோர் நிலையான குடிகளாயினர். எண்ணிக்கைக்கு இணையாக மனையும் எல்லையைத் தீர்மானிப்பதில் பங்கு கொண்டது எனலாம்.

எல்லை வினா முடிந்தபின் வாக்கு தொழிற்சங்கத்தின் வழியில் திரும்பியது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. பொது இடத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். எதிர் வேட்பாளர் பி. கே. நாயரின் வேட்புமனு தள்ளுபடி செய்யப்பட்டது தொடர்பான வழக்கில் அவ்வெற்றி செல்லாதென அறிவிக்கப்பெற்றது. 1958ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் அவர் மீண்டும் வென்றார். இ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையின் பெரும்பான்மை மிகக் குறுகியதாயிருந்தமையால் அத்தேர்தல் நாடு முழுவதும் கவனிக்கப்பெற்றது.

தமிழ் ஆய்வாளர் இவ்விடைத்தேர்தலில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் தோட்டந்தோறும் சென்று தமிழ்ப்பாட்டுகளால் வாக்குத் திரட்டினார். கேரள அமைச்சரவையின் எதிர்காலத்தோடு தொடர்புடைய ஒரு தேர்தலில் பிரசார மொழியாகத் தமிழ் நாட்டார் மெட்டு விளங்கிற்று. எழுத்தறிவு பரவாத லயன்களில் பாட்டே அரசியல் அறிக்கையாகச் செயல்பட்டது. இப்பாடல் மரபைத் தொகுத்து ஆராய்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.

ஊராட்சித் தேர்தலின் நீண்ட இடைவெளிகள்

சட்டமன்ற அளவில் இவ்வளவு மதிப்புப் பெற்ற வாக்கு, ஊராட்சி அளவில் நெடுங்காலம் பயன்படாதிருந்தது. திருவாங்கூர்–கொச்சி ஊராட்சிச் சட்டம் 1950இல் இயற்றப்பெற்று 1953இல் தேர்தல் நடைபெற்றது. கேரள ஊராட்சிச் சட்டம் 1960இல் வந்தது. 1963இல் தேர்தல் நடைபெற்றது. அதன்பின் அடுத்த தேர்தல் 1979ஆம் ஆண்டில்தான் நடந்தது. இடைப்பட்டது 16 ஆண்டுகள். பின்னர் 1988, 1995 எனத் தேர்தல்கள் இடைவெளி விட்டே நடந்தன.

இவ்விடைவெளி கேரளம் முழுமைக்கும் பொதுவானதே. ஆனால் தோட்டப்பகுதிக்குக் கூடுதல் தடையொன்று இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், குழந்தைக் காப்பகம் முதலியவற்றை வழங்கும் கடமையைத் தோட்ட உரிமையாளரிடம் ஒப்படைத்தது. சமவெளி ஊர்களில் வார்டு உறுப்பினரிடம் மக்கள் கேட்கும் பணிகள் பலவும் இங்கே மேலாளரிடம் கேட்கப்பட வேண்டியவையாயின. தொழிலாளரைக் காக்க எழுந்த சட்டமே அவர்களை ஊராட்சியின் எல்லைக்கு வெளியே நிறுத்தவும் காரணமாயிற்று. இதனால் தொழிற்சங்கத் தலைவர் பெரும் மனிதராகவும் ஊராட்சி உறுப்பினர் சிறு மனிதராகவும் விளங்கும் நிலை உருவாயிற்று.

1995க்குப் பிந்தைய மாற்றங்கள்

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து 1994ஆம் ஆண்டு கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் இயற்றப்பெற்றது. 1995 முதல் ஐந்தாண்டுக்கொருமுறை மூன்றடுக்கு உள்ளாட்சித் தேர்தல் தவறாது நடைபெற்று வருகிறது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தால் மாநிலத் திட்ட நிதியின் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குச் சென்றது. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த இட ஒதுக்கீடு 2010ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் பாதியாக உயர்ந்தது. தோட்டப்பகுதிகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஊராட்சி மன்றத்தில் அமரும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது.

2010ஆம் ஆண்டில் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பெற்று இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்னும் வழக்குடைய முதுவர் வாழும் ஊராட்சி இது. சாலை வசதி இன்மையால் அதன் அலுவலகம் நெடுங்காலம் தேவிகுளத்திலேயே இயங்கியது. மன்றம் அமைந்தாலும் அது மக்களின் இருப்பிடத்தைச் சென்றடையக் காலம் பிடிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் 20 விழுக்காடு போனஸ் கோரித் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி நடத்திய போராட்டம் ‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர்பெற்றது. இரண்டு மாதங்களுக்குள் வந்த உள்ளாட்சித் தேர்தலில் அவ்வமைப்பினர் போட்டியிட்டனர். போராட்டத் தலைவியருள் ஒருவரான கோமதி அகஸ்டின் தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிராம ஊராட்சி இடங்களிலும் அவ்வமைப்பு வென்றது. வென்ற இடங்கள் சிலவே. அமைப்பும் பின்னர்ப் பிளவுற்றது. எனினும், தொழிற்சங்கத்தின் வழியாக மட்டுமே பேசி வந்த தோட்டம் முதன்முறையாக வார்டின் வழியாகவும் பேசியது என்ற வகையில் அத்தேர்தல் ஒரு திருப்பமாகும். லயன் வீட்டின் நிலையும் சொந்த வீட்டின் தேவையும் அப்போராட்டத்தில் கூலியோடு சேர்ந்தே ஒலித்தன.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாறு ஊராட்சிக்குட்பட்ட பெட்டிமுடியில் மலை சரிந்து லயன்கள் புதைந்தன. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரமாகும். அவ்வாண்டு டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. ஒரு வார்டின் வாக்காளர் பட்டியலில் குடும்பம் குடும்பமாகப் பெயர்கள் நீக்கப்பட வேண்டிய நிலை நேர்ந்ததைத் தேர்தல் வரலாறு மறத்தலாகாது.

உடும்பஞ்சோலை: எல்லைப்புற வாக்கு

உடும்பஞ்சோலையின் சிக்கல் வேறு வகையானது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்காளரை ‘வழக்கமாகக் குடியிருப்பவர்’ என வரையறுக்கிறது. ஒருவர்க்கு ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருப்பது மட்டுமே அவரை அத்தொகுதியில் குடியிருப்பவராக ஆக்காது என்றும் அது கூறுகிறது. உத்திரமேரூரின் மனைத் தகுதிக்கு நேர்மாறான விதி இது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பெயர் பதிவு செய்யவும் அது தடை விதிக்கிறது.

ஆனால் ஏலக்காட்டு வாழ்வு இவ்விதிகளுக்குள் எளிதில் அடங்குவதில்லை. பறிப்புக் காலத்தில் மலையிலும் ஏனைய காலத்தில் தேனி மாவட்டத்துச் சொந்த ஊரிலும் வாழும் குடும்பம் எங்கே ‘வழக்கமாக’ குடியிருக்கிறது? இரு மாநிலப் பட்டியல்களிலும் பெயருடையோர் உள்ளனர் என்ற குற்றச்சாட்டு தேர்தல்தோறும் எழுகிறது. 2016ஆம் ஆண்டு உடும்பஞ்சோலைச் சட்டமன்றத் தொகுதியில் வென்ற எம். எம். மணி பெற்ற கூடுதல் வாக்குகள் 1,109 மட்டுமே. இத்தகைய குறுகிய வேறுபாடு நிலவுமிடத்தில் எல்லைப்புற வாக்காளர் ஐயத்துடன் நோக்கப்படுவது இயல்பாகிவிடுகிறது. 2021 ஏப்ரல் 6ஆம் நாள் இரு மாநிலங்களிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தபோது மலைப்பாதைகளில் கண்காணிப்பு கடுமையாக இருந்தது.

இரட்டைப் பதிவு சட்டத்திற்கு முரணானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் மறுபக்கமும் எண்ணத்தக்கது. நாள்தோறும் மலையேறி உழைப்பவர் நடக்கும் பாதை, குடிக்கும் நீர், பணியிடத்துக் கழிப்பிடம் ஆகியவை உடும்பஞ்சோலை ஊராட்சிகளின் எல்லைக்குள் உள்ளன. அவரது வாக்கோ தேனி மாவட்டத்தில் உள்ளது. உழைக்கும் ஊரின் மன்றத்தில் அவருக்குக் குரலில்லை.

இலங்கை மலையகத்துடன் ஒப்பீடு

இவ்வரலாற்றின் தன்மையை அறிய இலங்கை மலையகத்தை ஒப்பிடுதல் பயன்தரும். அங்கும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகச் சென்றோரே தோட்டங்களை உருவாக்கினர். 1937ஆம் ஆண்டுக் கிராமச் சபைச் சட்டத் திருத்தம் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சபை வாக்கிலிருந்து விலக்கியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பின்னர் வாக்குரிமை மீண்டபோதும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அப்பிரிவு 2018ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது.

கேரள மலைத் தமிழர் வாக்கை இழக்கவில்லை; இது பெரும் வேறுபாடாகும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் தொடர்புகொள்ள உரிமை வழங்குகிறது. ஆயினும் மன்றத்திற்கு வாக்களிக்கும் குடிமக்களின் வீடுகள் அம்மன்றத்தின் கைக்கு எட்டாதவையாக இருந்தமை இரு மலைகளுக்கும் பொதுவாகும்.

குடியிருப்பை மெய்ப்பித்தல்

வாக்களிக்கும் உரிமையோடு போட்டியிடும் உரிமையும் மனையைச் சார்ந்துள்ளது. பட்டியலினத்தார்க்கான 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனிப் பட்டியலை உடையது. எனவே தமிழகத்திலிருந்து வந்தோரின் வழியினர், தம் முன்னோர் 1950க்கு முன்பே இங்கு நிலையாகக் குடியிருந்தனர் என மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. பட்டாவும் வீட்டுவரிச் சீட்டும் இல்லாதவர்க்குத் தோட்டப் பதிவேடுகளும் பள்ளிச் சான்றுகளுமே ஆதாரம்.

தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்ற அ. ராஜாவின் தேர்தலை 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அவ்வழக்கில் சமய மாற்றம் பற்றிய வினா முதன்மையானதெனினும், முன்னோரின் குடியிருப்பும் வாதிடப்பட்டது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கித் தேர்தலை உறுதி செய்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் உச்சநீதிமன்றம் வரை சென்று நிறுவிய குடியிருப்பை, ஒதுக்கீட்டு வார்டில் நிற்க விரும்பும் கொழுந்து பறிக்கும் பெண் எவ்வாறு நிறுவுவார் என்னும் வினா எஞ்சுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மலைப்பகுதித் தமிழர்க்கு வாக்குரிமை மனையுரிமைக்கு முன்பே கிட்டியது. சட்டமன்ற அளவில் அவ்வாக்கு விரைவில் ஆற்றல் பெற்றது. உள்ளாட்சி அளவில் அவ்வாற்றல் அரை நூற்றாண்டு தாழ்ந்தே வந்தது. தேர்தல் இடைவெளிகள் அதற்கு ஒரு காரணம். குடியிருப்பு நிறுவனத்தின் உடைமையாக இருந்தமை அதனினும் ஆழமான காரணம். ஓய்வு பெறும் நாளில் லயன் வீட்டைக் காலி செய்யவேண்டிய தொழிலாளி, வீட்டோடு தம் வார்டையும் வாக்கையும் விட்டுச் செல்கிறார். ஐந்தாண்டுக்கொருமுறை உறுப்பினரைக் கணக்குக் கேட்கும் நிலையான குடிமக்கள் அவ்வார்டில் உருவாவது இதனால் தடைப்படுகிறது.

உத்திரமேரூர்ச் சபை மனையுடையாரையே ஆளத் தகுதியுடையாராகக் கொண்டது. இன்றைய சட்டம் அந்த வாயிலைத் திறந்துவிட்டது. ஆயினும் மனையில்லாதார் அவ்வாயிலில் நுழைந்தபின் பெறுவது என்ன என்பதை நம் உள்ளாட்சி ஆய்வுகள் இதுவரை போதிய அளவு கேட்கவில்லை. தோட்டப் பதிவேடுகள், ஊராட்சித் தீர்மான ஏடுகள், தேர்தற்பாட்டுகள், முதியோரின் வாய்மொழிகள் ஆகியவற்றைத் தொகுத்தால் அதற்கு விடை கிடைக்கும். பதிவேடுகள் மழையிலும் நிலச்சரிவிலும் அழிவதற்கு முன்னும், 1958இன் பாட்டைக் கேட்ட செவிகள் மறைவதற்கு முன்னும் அப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.